"எனக்கென்ன பைத்தியமா?" – கோபமும் மனநிலை மாற்றமும் இல்லற வாழ்வும்

(ஜும்ஆ பயானின் எழுத்து வடிவம்)

அல்ஹம்து லில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃது.

 

கண்மணி நாயகம் (ஸல்) அவர்களுக்கு முன்னால் இரண்டு பேர் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டார்கள். அதில் ஒருவருக்குக் கோபம் தலைக்கேறி முகம் சிவந்துவிட்டது, கழுத்து நரம்பு புடைத்துவிட்டது. நபி (ஸல்) அவர்கள், தமக்கு ஒரு வார்த்தை தெரியும், இவர் அதைச் சொன்னால் இந்தக் கோபம் போய்விடும் என்றார்கள். ஷைத்தானை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிற 'அஊது பில்லாஹ்' தான் அந்த வார்த்தை. தோழர்கள் உடனே அந்த மனிதரிடம் போய் நபியவர்கள் சொன்னதைச் சொன்னார்கள். அவர் என்ன பதில் சொன்னார் தெரியுமா? தமக்கொன்றும் பைத்தியம் இல்லையே என்றார்! சுலைமான் பின் ஸுரத் (ரலி) அறிவிக்கும் இந்தச் சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். மருந்து சொன்னவர் யார்? அல்லாஹ்வின் தூதர். மருந்துக்குச் செலவு? ஒன்றுமில்லை. நாக்கை அசைத்தால் போதும். ஆனாலும் அவருக்கு அது அவமானமாகத் தெரிந்தது. இமாம் நவவி (ரஹ்) இதற்கு விளக்கம் எழுதும்போது, பாதுகாப்புத் தேடுவது பைத்தியம் பிடித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று அவர் தவறாக விளங்கிக்கொண்டார் என்கிறார்கள்.

அன்பர்களே! 1400 வருடம் தாண்டியும் அந்தப் பதில் மாறவில்லை. ஒரு கணவரிடம் போய், "தம்பி, உங்களுக்கு இந்தக் கோபம் அளவுக்கு மீறி வருகிறது, ஒரு மனநல டாக்டரைப் பார்க்கலாமே" என்று சொல்லிப் பாருங்கள். வார்த்தைக்கு வார்த்தை அதே பதில் வரும். "ஹஜ்ரத், எனக்கென்ன பைத்தியமா?" சில நேரம் மனைவிமார்களிடமிருந்தும் வரும். பெற்றோரிடமிருந்து இன்னும் வேகமாக வரும்: "எங்க புள்ளைக்கா? நாக்கை அடக்கிப் பேசுங்க."

இன்றைக்கு இதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இதில் எனக்கே ஒரு கடன் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த தவறு

சில வருடங்களுக்கு முன்னால் வேறொரு ஊரில் இமாமாக இருந்தேன். அங்கே ஒரு சகோதரர். இதைச் சொல்ல அவரே சம்மதித்தார். "பேரைச் சொல்லாமல் சொல்லுங்க ஹஜ்ரத், நாலு பேருக்காவது உதவட்டும்" என்றார். ஊரையும் தொழிலையும் மாற்றித்தான் சொல்கிறேன், யாரென்று தேட வேண்டாம்.

சவூதியிலிருந்து திரும்பி வந்து கடை வைத்திருந்தார். ஒரு ரஜப் மாதம் திடீரென்று பள்ளிவாசலில் அவரைப் போல் ஆள் இல்லை. தஹஜ்ஜுதுக்கு எல்லோருக்கும் முன்னால் வருவார். இரவு இரண்டு மணிக்கு வந்து கதவைத் தட்டி மோதினாரை எழுப்புவார். தூக்கமே வராது, ஆனால் களைப்பும் இருக்காது. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். மதரஸா கட்டப்போகிறேன், பக்கத்து ஊரில் இரண்டாவது கடை திறக்கப்போகிறேன் என்பார். பள்ளிவாசல் தரைக்கு டைல்ஸ் போட 50,000 ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். நான் என்ன செய்தேன்? அடுத்த ஜும்ஆவில் இந்த மாதிரி ஒரு மேடையில் நின்று, பெயர் சொல்லாமல், இளைஞர்கள் இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று புகழ்ந்தேன்.

அதே வாரத்தில் அவர் மனைவி, தன் உம்மாவைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அழுதிருக்கிறார். அந்த 50,000 அவருடைய நகையை அடகு வைத்த பணம். ஏன் என்று கேட்டதற்குச் சாப்பாட்டுத் தட்டு பறந்திருக்கிறது. இரவெல்லாம் வீட்டில் நடந்துகொண்டே இருக்கிறார், பிள்ளைகள் நடுங்குகின்றன என்றார். என் மனைவி வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. தஹஜ்ஜுத் தொழுகிற மனிதர் அப்படியா செய்வார் என்றேன். ஸப்ர் செய்யச் சொல், வீட்டில் சூரத்துல் பகரா ஓதச் சொல் என்று சொல்லி அனுப்பினேன்.

ரமளானுக்குப் பிறகு அவரைக் காணோம். கடை ஷட்டர் திறக்கவில்லை. ஜும்ஆவுக்கே வரவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். குளித்துப் பல நாள் இருக்கும். தான் ஒரு முனாஃபிக், அல்லாஹ் தன்னை மன்னிக்க மாட்டான் என்று அழுதார். அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஈமான் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். தண்ணீர் ஓதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சில மாதம் கழித்து மறுபடியும் அந்த வேகம் வந்தது. இந்த முறை ஒரு நள்ளிரவில் தலாக் என்ற வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளோடு அந்தப் பெண் தாய்வீடு போனார். ஜமாஅத் கூடியது. நாங்கள் எல்லாரும் கோபத்தின் தீமை பற்றி அவருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தோம். ஓரமாக உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணின் தம்பி, அரசு ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். அவர் இரண்டே கேள்வி கேட்டார். மச்சான் ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குகிறார்? உங்கள் குடும்பத்தில் இதற்கு முன்னால் யாருக்காவது இப்படி இருந்ததா? சபை அமைதியாகிவிட்டது. பிறகு அவருடைய உம்மா மெல்லச் சொன்னார்: தன் கூடப்பிறந்த தம்பி ஒருவரைப் பல வருடம் ஒரு தர்காவில் வைத்திருந்தார்களாம். இத்தனை காலம் வெளியே சொல்லாத விஷயம்.

மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். இருதுருவ மனநிலைக் கோளாறு என்றார்கள். 'பைபோலார்' என்று சொல்வார்களே, அதுதான். கொஞ்ச காலம் மனம் எல்லை மீறி மேலே போகும்: தூக்கம் குறையும், பேச்சு பெருகும், பணம் தண்ணீராய்ப் போகும், குறுக்கே யாராவது பேசினால் கோபம் வெடிக்கும். கொஞ்ச காலம் ஒரேயடியாகக் கீழே விழும். இடையில் நல்ல மனிதராகவே இருப்பார். ஆகவே யாருக்கும் சந்தேகம் வராது. மேலே போகும் காலத்தை நான் தக்வா என்று புரிந்துகொண்டேன். கீழே விழுந்த காலத்தை ஈமான் பலவீனம் என்று புரிந்துகொண்டேன். இரண்டுமே தப்பு.

அவர் இன்று மாத்திரை சாப்பிடுகிறார், கடை நடத்துகிறார், குடும்பத்தோடு இருக்கிறார். தலாக் விஷயத்தில் முஃப்தி என்ன ஃபத்வா கொடுத்தார் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். அது அவருடைய நிலைக்குக் கொடுத்தது, உங்கள் வீட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

தோல் பையும் அதன் வாயும்

ஆலு இம்ரான் சூராவில் (3:134) இறையச்சமுடையவர்களின் அடையாளங்களை அல்லாஹ் சொல்கிறான். வசதியிலும் நெருக்கடியிலும் செலவு செய்வார்கள், கோபத்தை விழுங்குவார்கள், மனிதர்களை மன்னிப்பார்கள். அங்கே 'காழிமீன்' என்ற சொல் வருகிறது. 'கழ்ம்' என்றால், தோல் பையில் தண்ணீர் நிரம்பியதும் வழிந்துவிடாமல் அதன் வாயைக் கட்டுவது. கோபமே வராதவர்கள் என்று அல்லாஹ் சொல்லவில்லை, கவனியுங்கள். பை நிரம்பித்தான் இருக்கிறது, வாய் கட்டப்பட்டிருக்கிறது.

மூஸா (அலை) அவர்களுக்கே கோபம் வந்தது. சமுதாயம் காளைக்கன்றை வணங்குவதைக் கண்டு, கையிலிருந்த பலகைகளைப் போட்டுவிட்டு, அண்ணன் ஹாரூன் (அலை) அவர்களின் தலையைப் பிடித்து இழுத்தார்கள். பிறகு கோபம் தணிந்ததைச் சொல்லும்போது அல்லாஹ் 'ஸகத' என்கிறான் (7:154). மௌனமானது என்று அர்த்தம். அதுவரை கோபம்தான் பேசிக்கொண்டிருந்தது, அது வாயை மூடிய பிறகே பலகைகளைக் கையில் எடுத்தார்கள் என்பது போல! அந்தக் கோபம் மார்க்கத்துக்காக வந்தது. நமக்கு வருவது குழம்பில் உப்பு கூடினதற்கு.

கட்டுவதற்கான கயிற்றை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கொடுத்துவிட்டார்கள். நிற்கும்போது கோபம் வந்தால் உட்கார வேண்டும், அப்போதும் போகவில்லை என்றால் படுத்துவிட வேண்டும் என்று அபூதர் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. நிற்பவனின் கை எட்டும், படுத்திருப்பவனின் கை எட்டாது. இன்னொரு வழி, இடத்தை விட்டுப் போய்விடுவது. அலீ (ரலி) அவர்களுக்கும் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கும் ஒரு நாள் ஏதோ மனத்தாங்கல். அலீ (ரலி) கோபித்துக்கொண்டு பள்ளிவாசலில் வந்து படுத்துவிட்டார்கள். மேலாடை விலகி உடம்பெல்லாம் மண். மாமனாரான நபி (ஸல்) அவர்கள் தேடி வந்தார்கள். மண்ணைத் தம் கையால் தட்டிவிட்டு, மண்ணின் தந்தையே எழுந்திரும் என்று செல்லமாக அழைத்தார்கள் (புகாரி). என்ன சண்டை, யார் மேல் தப்பு என்று விசாரித்ததாக அந்த அறிவிப்பில் இல்லை. மாமனார்மார்களே, இது உங்களுக்கு!

இதெல்லாம் பை நன்றாக இருக்கும்போது. பையே கிழிந்திருந்தால்? வாயை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் தண்ணீர் கிழிசல் வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். அதைத் தைக்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். அந்தச் சகோதரருக்கு நான் செய்தது, கிழிந்த பைக்கு வாயைக் கட்டிக் கொடுத்த வேலை.

எது குணம், எது நோய் என்று எப்படித் தெரியும்? அதைத் தீர்மானிப்பது டாக்டருடைய வேலை, என்னுடையதும் இல்லை, பக்கத்து வீட்டு மாமியுடையதும் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியது நம் வேலை. முன்பு இல்லாத கோபம் புதிதாக வருகிறதா? அலைஅலையாக வந்து போகிறதா? தூக்கம் மாறிவிட்டதா? முன்பு பிடித்தது எதுவும் இப்போது பிடிக்கவில்லையா? கோபம் அடங்கியதும் தன்னையே வெறுத்து அழுகிறாரா? அப்படியானால் தள்ளிப்போடாதீர்கள்.

சில நேரம் நோய் மனதில்கூட இருக்காது, கழுத்தில் இருக்கும். தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்தால் படபடப்பும் எரிச்சலும் வரும், தூக்கம் வராது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சர்க்கரை அளவு திடீரென்று இறங்கினாலும் ஆள் சிடுசிடுப்பார். இரவு ஷிஃப்ட், குடி, போதை... ஆம், நம் மஹல்லாவிலும் இருக்கிறது, மறைத்துப் பயனில்லை. அதனால்தான் டாக்டர் முதலில் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார். மனநல டாக்டர் எதற்கு இரத்தம் கேட்கிறார் என்று சிரிக்காதீர்கள்.

இன்னொரு வகையையும் சொல்ல வேண்டும். சிலருக்கு முதலாளி திட்டினால் கோபம் வராது. வாடிக்கையாளர் நூறு கேள்வி கேட்டாலும் சிரித்த முகம். வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே வந்தால் மட்டும் கை நீளும். வெளியே கட்டத் தெரிந்த வாயை வீட்டில் மட்டும் கட்டத் தெரியவில்லை என்றால், அவர் டாக்டர் சீட்டைத் தேடுவதற்கு முன்னால் தௌபாவைத் தேட வேண்டும். அதற்குப் பெயர் அநியாயம். நபி (ஸல்) அவர்கள் தம் கையால் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் அடித்ததே இல்லை என்று ஆயிஷா (ரலி) சாட்சி சொல்கிறார்கள் (முஸ்லிம்).

நோய் இருந்தாலும் அடிப்பதற்கு அனுமதி கிடைத்துவிடாது. "எனக்கு வியாதி, நீ பொறுத்துத்தான் ஆக வேண்டும்" என்று சொல்கிற உரிமை நோயாளிக்கு இல்லை. நோய் அவருடைய குற்றமில்லை, மருந்து எடுப்பது அவருடைய கடமை.

பெண்களின் பாடு

மேலே பெண்கள் பகுதியில் இருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே! இதுவரை சொன்னதில் கணவன் என்ற இடத்தில் மனைவி என்று போட்டாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் உங்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறது. பிள்ளை பெற்ற பிறகு சில பெண்களுக்கு மனம் இருண்டுவிடும். காரணமில்லாமல் அழுகை, கணவன் மேல் எரிச்சல், சிலருக்குக் குழந்தையைத் தூக்கவே மனம் வராது. உடனே மாமியார் வீட்டில், "நாங்களெல்லாம் ஏழெட்டுப் பெறலையா?" என்ற பேச்சு வரும். இல்லையென்றால் 'காத்துக் கருப்பு' என்பார்கள்.

மர்யம் (அலை) அவர்களைப் பாருங்கள். பெண்களில் அல்லாஹ் தேர்ந்தெடுத்தவர். பேரீச்ச மரத்தடியில் பிரசவ வேதனை வந்தபோது, இதற்கு முன்பே நான் இறந்து மறக்கப்பட்டுப் போயிருக்கக் கூடாதா என்று சொன்னார்கள் (19:23). அதற்கு அல்லாஹ் கண்டிக்கவில்லை. ஈமான் எங்கே போனது என்று கேட்கவில்லை. கவலைப்படாதே என்று ஆறுதல் வந்தது. காலடியில் தண்ணீர் வந்தது, பழம் வந்தது, சாப்பிடு, குடி, கண் குளிர்ந்திரு என்று சொல்லப்பட்டது. யாரிடமும் பேசிப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் வழி காட்டப்பட்டது. உடம்புக்கு உணவு, மனதுக்கு ஆறுதல், ஊர் வாயிலிருந்து பாதுகாப்பு. பிள்ளை பெற்ற வீட்டில் இந்த மூன்றும் கிடைக்கிறதா? இரண்டு வாரம் தாண்டியும் அந்த இருட்டு விலகவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டியது கணவனின் பொறுப்பு.

மனைவியின் மனநிலையைக் கவனிப்பதும் சுன்னத்துதான். ஆயிஷாவே, நீர் என்மேல் எப்போது கோபமாக இருக்கிறீர், எப்போது சந்தோஷமாக இருக்கிறீர் என்று எனக்குத் தெரியும் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். சந்தோஷமாக இருந்தால் 'முஹம்மதுடைய இறைவன் மீது சத்தியமாக' என்பார்களாம். கோபம் என்றால் 'இப்ராஹீமுடைய இறைவன் மீது சத்தியமாக' என்பார்களாம் (புகாரி). ஒரு சத்தியத்தில் எந்தப் பெயர் வருகிறது என்பது வரை கவனித்திருக்கிறார்கள். நமக்கு மனைவி மூன்று நாள் சாப்பிடாவிட்டாலும் தெரிவதில்லை. கண் கைப்பேசியில் இருக்கிறது.

சகோதரிகள் என் மனைவியிடம் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி: கணவனின் குறையை டாக்டரிடமும் ஜமாஅத்திடமும் சொன்னால் புறம் ஆகாதா? ஹிந்த் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் வந்து, தம் கணவர் அபூசுஃப்யான் போதுமான செலவு தருவதில்லை என்று முறையிட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் புறம் பேசாதே என்று தடுக்கவில்லை, வழி சொன்னார்கள் (புகாரி). தீர்வு தேடி, தீர்க்கக் கூடியவரிடம் சொல்வது புறமாகாது. பத்துப் பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் சொல்வது வேறு.

ஸப்ர் என்றால் அடி வாங்கிக்கொண்டு இருப்பதும் இல்லை. உயிருக்குப் பயம் என்றால் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, இரவிலும் எடுப்பார்கள்.

துஆவும் மருந்தும்

ஓதிப் பார்ப்பதை நான் மறுக்கவில்லை. குர்ஆன் ஷிஃபா என்று அல்லாஹ்வே சொல்கிறான். நானும் ஓதுகிறேன். ஆனால் ஓதிவிட்டு டாக்டரிடம் போகாதே என்று ஒரு ஆலிமும் சொல்லக் கூடாது. நாட்டுப்புற அரபிகள் வந்து மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் பதில் சொன்னார்கள் (அபூதாவூத், திர்மிதி). எல்லா நோய்க்கும் என்றால் மனநோய் மட்டும் வெளியே போய்விடுமா?

நம் முன்னோர்கள் இதை நம்மைவிட நன்றாக விளங்கியிருந்தார்கள். ஹிஜ்ரி 322இல் வஃபாத்தான அபூஸைத் அல்பல்கீ (ரஹ்) உடல் நலத்துக்கும் உள்ளத்தின் நலத்துக்கும் சேர்த்து ஒரு நூல் எழுதினார்கள். அதில் கோபத்துக்கு ஒரு பாடம், பயத்துக்கு ஒரு பாடம், துக்கத்துக்கு ஒரு பாடம், வஸ்வாஸுக்கு ஒரு பாடம். உடம்பு நோயாவது போல உள்ளமும் நோயாகும் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே எழுதினார்கள். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது.

அந்தச் சமுதாயத்தில் வந்த நாம் என்ன செய்தோம்? 2001 ஆகஸ்ட் 6. நம் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு கொட்டகையில் அதிகாலையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். அவர்களைக் கொண்டுவந்து விட்டது யார்? அவர்களுடைய சொந்தக் குடும்பங்கள்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை, வேறு வழி தெரியாமல். இப்போது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. அதே ஏர்வாடியில் துஆவும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும் என்று அரசு மனநல மருத்துவர்களைக் கொண்டு சிகிச்சை கொடுக்கிறார்கள். ஸியாரத்துக்குப் போகிறவர்கள் அந்த டாக்டரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. மருந்தும் இலவசம். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்று பெயர், தமிழில் பேசலாம், 24 மணி நேரமும் இருக்கும். போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்து போங்கள். மேலே போகிற காலத்தில் நோயாளிக்குத் தான் நோயாளி என்றே தெரியாது, பக்கத்தில் இருந்து பார்த்தவர்தான் சொல்ல வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்கினார், எந்த வாரம் கோபம் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும்.

மாத்திரை விஷயம். நன்றாகிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது. நன்றாக இருப்பதே அந்த மாத்திரையால்தான். நான் சொன்ன சகோதரருக்கு ஒரே ஒரு தடவை நோய் திரும்பியது. எப்போது? ஒரு ரமளானில், நோன்போடு மாத்திரை எதற்கு என்று அவராகவே நிறுத்தியபோது. சிலருக்கு லித்தியம் என்ற மாத்திரை கொடுப்பார்கள். அதை எடுப்பவர்கள் குறித்த காலத்தில் இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்க வேண்டும். உடம்பில் தண்ணீர் வற்றினால் அந்த அளவு ஏறி ஆபத்தாகிவிடும். எனவே ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே டாக்டரிடம் போய், நோன்பு வைக்கலாமா, ஸஹருக்கும் இஃப்தாருக்கும் மாத்திரையை மாற்றலாமா என்று கேளுங்கள். வைக்கக் கூடாது என்று அவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகை 2:185இல் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். சலுகையைக் கொடுத்தவனும் அவன்தான். கர்ப்பமாக இருக்கும் பெண்களும் குழந்தை எதிர்பார்ப்பவர்களும் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சில மாத்திரைகள் வயிற்றிலுள்ள குழந்தைக்கு ஆகாது.

செத்துப்போகலாம் போல் இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஹராம் ஹராம் என்று வாயை அடைக்காதீர்கள். தனியாக விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். சட்டம் பேச அப்புறம் நேரம் இருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "ஒரு கால்கட்டு போட்டால் சரியாகிவிடும்" என்று நோயை மறைத்து நிக்காஹ் செய்து வைக்கிறீர்களே, அது யார் வீட்டுப் பிள்ளையின் வாழ்க்கை? ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தமக்கு வந்த வரன்களைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, அபூஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர் என்று நபி (ஸல்) அவர்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள் (முஸ்லிம்). கேட்பவரிடம் மறைக்கக் கூடாது. அதே நேரம், சொல்லிவிட்டுச் செய்த கல்யாணத்தில் பெண் வீட்டார் நாளைக்கு ஒரு சின்னச் சண்டையில் அதைக் குத்திக் காட்டவும் கூடாது. சிகிச்சை எடுத்து நன்றாக வாழ்கிற எத்தனையோ ஜோடிகள் இருக்கிறார்கள், உங்களுக்குத்தான் தெரியாது.

தலாக் பற்றிச் சுருக்கமாக. கோபத்தில் சொன்ன தலாக் செல்லுமா என்பது பெரிய சட்டப் பிரச்சினை. சொல்வது இன்னதென்று தெரியாத அளவுக்குப் போன கோபத்துக்கும், தெரிந்தே சொன்ன கோபத்துக்கும் ஃபிக்ஹில் வித்தியாசம் உண்டு. நோயாளி விஷயத்தில் இன்னும் நுணுக்கம் உண்டு. யூட்யூபில் தேடாதீர்கள். டாக்டர் கொடுத்த காகிதங்களோடு முஃப்தியிடம் நேரில் போங்கள். கணவன் தரப்பில் ஒருவர், மனைவி தரப்பில் ஒருவர் நடுவராக உட்காரச் சொல்கிறான் அல்லாஹ் (4:35). அந்த இரண்டு பேரில் ஒருவராவது, "ராத்திரி தூங்குகிறாரா?" என்று கேட்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.

நம் ஜமாஅத் நிர்வாகத்தோடு பேசியிருக்கிறேன். இனி தலாக், குலா என்று எந்த மனு வந்தாலும், இரண்டு பேரும் ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவிட்டார்களா என்று முதலில் கேட்போம். அடி, உதை என்று வந்த மனுவுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு கிடையாது, அன்றைக்கே உட்காருவோம். போய் வர ஆட்டோ செலவுக்கு வழியில்லாதவர்களுக்கு பைத்துல்மாலிலிருந்து கொடுப்போம். யாருக்கு என்று தஃப்தரில் பெயர் எழுத மாட்டோம், செயலாளருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

இன்று அஸர் முதல் மஃரிப் வரை என் அறையில் இருப்பேன். பெண்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் பேசலாம். இந்த முறை நான் நம்புவேன், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் உடல் நோய்களுக்கும் உள்ளத்தின் நோய்களுக்கும் ஷிஃபாவைத் தருவாயாக. எங்கள் மனைவி மக்களை எங்களுக்குக் கண் குளிர்ச்சியாக ஆக்குவாயாக. ஆமீன்.

சுன்னத் தொழாதவர்கள் எழுந்து தொழுதுகொள்ளுங்கள். குத்பாவுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது.